மகுடத்தில் காணாமல் போன இரண்டு அடுக்குகள்: மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்களும் ஆட்சியாளர்களும்

1522 செப்டம்பரில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில், போப்பின் அதிகாரத்தை எதிர்த்த துறவி மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதியான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் 21 முழுப்பக்கப் படங்கள் இருந்தன. லூக்காஸ் கிரானாக் என்ற ஓவியரின் பட்டறையில் தயாரானவை. அவற்றில் ஒன்றில் ஏழு தலை விலங்கின் மேல், அந்தப் பகுதி தீமையின் உருவமாகச் சொல்லும் பாபிலோனின் வேசி அமர்ந்திருக்கிறாள். கையில் கிண்ணம், தலையில் மூன்றடுக்கு மகுடம். அன்றைய ஐரோப்பாவில் அப்படி ஒரு மகுடத்தை அணிந்தவர் ஒருவர்தான். ரோமில் இருந்த போப்.

டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது. அதே விலங்கு, அதே கிண்ணம், அதே பெண். மகுடத்தில் மட்டும் மேல் இரண்டு அடுக்குகளைக் காணவில்லை. எந்த ராணியும் அணியக்கூடிய சாதாரணக் கிரீடமாக அது சுருங்கிவிட்டது.

இடையில் நடந்தது இதுதான். விட்டன்பர்க்கை ஆண்டவர் பிரெடரிக். அவருடைய சித்தப்பா மகன் ஜார்ஜ், சாக்சனியின் இன்னொரு பகுதிக்குக் கோமகன், கடுமையான கத்தோலிக்கர். அவர் அந்தப் புத்தகத்தைத் தம் பகுதியில் தடை செய்தார். படங்களைக் குறித்துப் பங்காளிக்குப் புகாரும் அனுப்பினார். அடுத்த பதிப்பு அச்சேறும்போது அடுக்குகள் போய்விட்டன. 1534இல் லூதரின் முழு பைபிள் வெளியானது. அதற்காகப் புதிதாகச் செய்த படங்களில் மூன்றடுக்கு மகுடம் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது!

மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்களைப் பார்க்கத் தொடங்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது என்று நினைக்கிறேன். படத்தின் ஒரு மூலையளவே இருக்கும் மகுடம், இரண்டு அரசுகளுக்கு இடையே சச்சரவாகிறது. அது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் அச்சுப்படம் தயாராகும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரக்கட்டை அச்சு, நம் ரப்பர் ஸ்டாம்ப் வேலை செய்யும் முறைதான். இழைத்த பலகையின் மேல் படத்தை வரைவார்கள். கோடுகளை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தைக் கத்தியாலும் உளியாலும் செதுக்கி எடுப்பார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். ஆகவே போப்பின் மகுடத்தைக் குறைக்க ஓவியரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதில்லை. அந்த இடத்து மரத்தைச் சீவிவிட்டால் தாளில் அது வெறும் வெள்ளையாகிவிடும்.

செப்புத்தகட்டில் கதை தலைகீழ். பியூரின் எனப்படும் கூரிய எஃகுக் கருவியால் தகட்டில் கோடு கீறுவார்கள். மை பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரப்படுத்திய தாளை வைத்து உருளைகளுக்கிடையே கடுமையாக அழுத்தினால் தாள் அந்தப் பள்ளத்திலிருந்து மையை உறிஞ்சி எடுக்கும். கையால் கீறாமல் அமிலத்தைக் கொண்டு அரிக்கச் செய்வதும் உண்டு. முடியளவு மெல்லிய கோடெல்லாம் செம்பில்தான் சாத்தியம். ஆனால் செலவு அதிகம், தகடும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மரக்கட்டைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஈய எழுத்துகளும் மேடாக இருப்பவை என்பதால் கட்டையையும் எழுத்துகளையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அச்சடிக்கலாம். துண்டுப் பிரசுரங்கள் பெரும்பாலும் மரக்கட்டைப் படங்களோடு வந்ததற்கு இதுவே காரணம்.

இனி, யார் வாங்கினார்கள் என்று பார்ப்போம். அரசர் கேட்டு வரைந்த ஓவியம் அரண்மனைச் சுவரில் தொங்கும். அவர் கூப்பிட்டவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள். தாளில் அச்சான படம் சந்தைக்குப் போகும். நியூரம்பர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மனைவி ஆக்னஸ், கணவரின் அச்சுப்படங்களை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு பிராங்பர்ட் சந்தையில் விற்றிருக்கிறார். டியூரரின் தாயார் உள்ளூர்த் திருவிழாவில் விற்றிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்ப்பார். கீழே இருக்கும் நான்கு வரியைப் பக்கத்தில் நிற்பவர் வாசித்துக் காட்டுவார். ஆளப்படுபவர் தம் காசைக் கொடுத்து, தம்மை ஆள்பவரின் படத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். இது புதிது.

ஆள்பவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் எப்போதும் கடனில் இருந்தவர். ரோமானியப் பேரரசர்களைப் போல் கல்லில் வெற்றி வளைவு கட்ட ஆசை இருந்தது, பணம் இல்லை. காகிதத்தில் கட்டிவிட்டார். டியூரரும் மற்றவர்களும் வரைய, 190க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைச் செதுக்கி, 36 பெரிய தாள்களில் அச்சடித்து ஒட்டினால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு வளைவு எழும். 1515 என்று ஆண்டு பொறித்த அந்த வளைவில் போர் வெற்றிகள், வாரிசு உறவுகள், டிராய் நகரம் வரை இழுத்துச் செல்லும் வம்சாவளி எல்லாம் இருக்கின்றன. பிரதிகள் நகரங்களுக்கும் பிரபுக்களுக்கும் போயின. எனக்கு அது அலுப்பூட்டும் படைப்பு. ஆனால் அச்சின் வலிமையை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒரு பேரரசரும் இருந்தார் என்பதற்காக அதை நினைவில் வைத்திருக்கலாம். விமர்சனம் பிறகு அதே கருவியைத்தான் கையில் எடுத்தது.

கிரானாக்கிடம் திரும்புவோம். வேசியின் மகுடத்துக்கு ஓராண்டு முன்னால், 1521இல், விட்டன்பர்க்கில் ஒரு சிறு நூல் வெளியானது. பெயர், ‘கிறிஸ்து மற்றும் அந்திக்கிறிஸ்துவின் பாடுகள்’. அந்திக்கிறிஸ்து என்றால் கிறிஸ்துவின் எதிரி. மொத்தம் 26 மரக்கட்டைப் படங்கள், 13 ஜோடிகள். இடப்பக்கம் கிறிஸ்து, வலப்பக்கம் போப். இங்கே கிறிஸ்து சீடரின் காலைக் கழுவி முத்தமிடுகிறார். அங்கே போப் தம் பாதத்தை நீட்ட, மன்னர்கள் முத்தமிடுகிறார்கள். இங்கே முள்முடி, அங்கே மூன்றடுக்கு மகுடம். இங்கே சிலுவையைச் சுமக்கிறார், அங்கே பல்லக்கில் ஆட்கள் சுமக்கிறார்கள். இங்கே காசுக்காரர்களைச் சாட்டையால் ஆலயத்திலிருந்து விரட்டுகிறார், அங்கே ஆலயத்துக்குள்ளேயே காசு எண்ணப்படுகிறது. கடைசி ஜோடியில் ஒருவர் விண்ணுக்கு ஏறுகிறார், மற்றவர் தலைகுப்புற நரகத்தில் விழுகிறார்.

குழந்தைக்கும் புரியும். ஆனால் படத்துக்குக் கீழே உள்ள எழுத்தில்தான் நூலின் குறும்பு முழுவதும் இருக்கிறது. அந்த வாசகங்களைத் தொகுத்தவர்கள் பிலிப் மெலாங்தோன் என்ற அறிஞரும் யோஹான் ஷ்வெர்ட்பேகர் என்ற சட்டம் படித்தவரும். கிறிஸ்துவின் படத்துக்கு விவிலிய வசனம். போப்பின் படத்துக்குத் திருச்சபையின் சொந்தச் சட்ட நூலிலிருந்தே மேற்கோள். இது அவதூறு நூல் அல்ல, இதில் உள்ளதெல்லாம் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று முடிவில் ஒரு குறிப்பு வேறு. நீங்கள் எழுதியதை நீங்களே படியுங்கள் என்கிறது நூல். ஓவியர் பெயர் எங்கும் இல்லை.

அக்காலப் படங்களில் அடிக்கடி தென்படும் முறை இது. பதவியே வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. ஒரு பதவிக்கு என்ன கடமை என்று ஊருக்கே தெரியும். அதை ஒரு பக்கம் வைத்து, பதவியில் இருப்பவர் செய்வதை மறுபக்கம் வைத்தார்கள். புதிதாகப் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: இந்த ஆளுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள்?

கிரானாக் கொள்கைக்காகப் பட்டினி கிடந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். பிரெடரிக்கின் அரசவை ஓவியர், விட்டன்பர்க்கின் மேயராகவும் இருந்தவர். லூதர் எந்தப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை 1517இல் எதிர்த்தாரோ, அந்த விற்பனைக்குப் பொறுப்பான கார்டினல் ஆல்பிரெக்டுக்கும் படம் செய்து கொடுத்தவர். வாடிக்கையாளர் இரு கட்சியிலும் இருந்தார்கள்.

எதிர்த்தரப்பும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1529இல் லைப்சிக்கில், யோஹான் கொக்லேயஸ் எழுதிய லூதர் எதிர்ப்பு நூலுக்கு ஹான்ஸ் பிரோசாமர் ஒரு முகப்புப் படம் செய்தார். ஒரே துறவி அங்கியிலிருந்து ஏழு லூதர் தலைகள் கிளம்புகின்றன. ஒன்றில் அறிஞர் தொப்பி, ஒன்றில் துருக்கியத் தலைப்பாகை, ஒன்றின் கலைந்த முடியைச் சுற்றிக் குளவிகள், கடைசித் தலை, இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட கொள்ளையன் பரபாஸ், பக்கத்தில் முள் வைத்த தடி. அந்தந்த நேரத்துக்கு ஒரு முகம் காட்டுகிறவர் என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு வாக்கில் லூதர் தரப்பு ஏழு தலைப் போப்பு விலங்கை அச்சடித்துப் பதில் சொன்னது. நேற்றைய மீம்ஸ் சண்டை நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஏழு தலை என்பது எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தைத் தேவாலயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

சண்டைப் படங்களைவிட எனக்குப் பிடித்தவை ஹான்ஸ் ஹோல்பைன் செய்த ‘மரண நடனம்’ வரிசைப் படங்கள். பாசல் நகரில் 1520களின் நடுவில் வரைந்தவை. ஒவ்வொன்றும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் அகலம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் ஒரு நீதிமன்றமே அடங்கியிருக்கிறது. செதுக்கியவர் ஹான்ஸ் லுட்செல்பர்கர். அவர் 1526இல் இறந்துவிட்டார். கட்டைகள் கைமாறி, 1538இல் பிரான்சின் லியோன் நகரில் 41 படங்களோடு புத்தகமானது.

மரண நடனம் பழைய விஷயம். போப் முதல் பிச்சைக்காரர் வரை எல்லாரையும் எலும்புக்கூடு கைபிடித்து அழைத்துப் போகும் ஓவியங்கள் ஐரோப்பியக் கல்லறைச் சுவர்களில் முன்பே இருந்தன. எல்லாரும் சாவோம் என்பது அவற்றின் செய்தி. ஹோல்பைன் அங்கே ஒரு சின்ன மாற்றம் செய்தார். மரணம் வரும் நேரத்தில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று காட்டினார்.

நகரசபை உறுப்பினரின் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருவில் நிற்கிறார். கம்பளி விளிம்பு வைத்த மேலங்கி. எதிரே ஒரு பணக்காரர் ஏதோ சொல்ல, இவர் முகம் முழுக்க அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னாலிருந்து ஓர் ஏழை இவரைத் தொட்டுக் கூப்பிடுகிறார். திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்கு விடை தோளின் மேல் இருக்கிறது. ஒரு குட்டிச் சாத்தான் அங்கே ஏறி உட்கார்ந்து, கொல்லன் துருத்தியைப் போன்ற ஒன்றைக் காதில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறான். காது நிறைந்துவிட்டது, ஏழையின் குரல் எங்கே கேட்கும்? மரணமோ எந்த அவசரமும் இல்லாமல் மணல்கடிகையோடு அவர் காலடியில் படுத்துக் கிடக்கிறது.

நீதிபதியின் படத்தில் பணக்காரர் பையில் கைவிடுகிறார், ஏழை ஒதுங்கி நிற்கிறார், மரணம் பின்னாலிருந்து நீதிபதியின் கோலைப் பிடுங்குகிறது. உயிரைவிட முதலில் போவது கோல். கோமகன், குழந்தையோடு வந்த பிச்சைக்காரப் பெண்ணை விலக்கும் கணத்தில் மாட்டிக்கொள்கிறார். போப், பேரரசருக்கு முடிசூட்டிக்கொண்டிருக்கிறார். பேரரசர் அவர் காலில் முத்தமிடுகிறார். மேலே ஒரு சாத்தான் முத்திரைகள் தொங்கும் ஆணைப் பத்திரத்தைப் பிடித்துப் பறக்கிறது. அரசர் விருந்தில் இருக்கிறார், மரணம் பணியாளாக நின்று அவருக்குப் பானம் ஊற்றுகிறது. அரசருக்குப் பின்னால் தொங்கும் துணியில் லில்லிப் பூச் சின்னங்கள், அதாவது பிரெஞ்சு அரச குலத்தின் சின்னம். புத்தகம் வெளியானதோ அந்தப் பிரெஞ்சு அரசரின் நாட்டிலேயே!

வரிசையில் உழவரின் படமும் உண்டு. கிழவர் கலப்பையைப் பிடித்திருக்கிறார், மரணம் குதிரைகளை ஓட்டி அவருக்கு உதவுகிறது, தூரத்துக் கோயிலுக்குப் பின்னால் சூரியன் மறைகிறது. அங்கே எந்தக் கேலியும் இல்லை. பதவியில் இருப்பவர்களிடம் அத்தனை கடுமையாக இருந்த கை, இங்கே இளகிவிடுகிறது. இதே ஹோல்பைன்தான் பிறகு இங்கிலாந்து போய் எட்டாம் ஹென்றியை, காலை அகட்டி நிற்கும் அந்தப் பிரமாண்ட வடிவில் வரைந்தார். தூரிகைக்கு ஒரு முதலாளி, கட்டைக்கு வேறு வாடிக்கையாளர்.

இப்படிச் செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஆனது. லூதருக்கு எதிராக 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் பிறப்பித்த ஆணை எழுத்துகளோடு படங்களையும் சேர்த்தே தடை செய்தது. 1525 ஜனவரியில் நியூரம்பர்க் நகரசபை, செபால்ட் பேஹாம், பார்த்தெல் பேஹாம் என்ற சகோதரர்களையும் ஜார்ஜ் பென்ட்ஸையும் ஊரைவிட்டு வெளியேற்றியது. மூவரும் இளம் ஓவியர்கள். விசாரணையில் மதத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நகரசபையின் அதிகாரத்தை ஏற்கிறாயா என்றும் கேட்டார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே திரும்ப அனுமதித்தும் விட்டார்கள், திறமையான கைகள் ஊருக்கு வேண்டுமே. 1527இல் போப்பைத் தாக்கும் ஒரு படநூலுக்குச் செய்யுள் எழுதிய ஹான்ஸ் சாக்ஸைக் கூப்பிட்டு, உன் செருப்புத் தைக்கும் தொழிலைப் பார் என்றது அதே சபை. அவர் தொழிலால் செருப்புத் தைப்பவர்தான். நூல்களும் அச்சுக்கட்டைகளும் பறிமுதல். இத்தனைக்கும் அப்போது நியூரம்பர்க் லூதர் பக்கம் வந்துவிட்ட நகரம். ஆனாலும் அண்டை அரசுகளோடும் பேரரசரோடும் பகை வேண்டாம் என்ற கணக்கு அதற்கு இருந்தது.

ஆகவே சொல்ல வந்ததை நேராகச் சொல்லாத படங்களும் பிறந்தன. அவற்றில் விசித்திரமானது டியூரரின் ஒரு தூண். 1524-25இல் ஜெர்மானிய உழவர்கள் கிளர்ந்தெழுந்து, பிரபுக்களின் படைகளால் நசுக்கப்பட்டார்கள். மாண்டவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த 1525இலேயே டியூரர் வடிவக் கணிதக் கையேடு ஒன்றை வெளியிட்டார். அதன் நடுவில், கலகக்கார உழவர்களை வென்றவர் நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பினால் இப்படிக் கட்டலாம் என்று ஒரு வரைபடம். அடியில் கட்டிப்போட்ட மாடு, ஆடு, பன்றி. கூடைகளில் வெண்ணெய், முட்டை, வெங்காயம். மேலே தானியப் பெட்டி, கொப்பரை, பால் பாத்திரம், மண்வெட்டியும் கவையும் சேர்த்துக் கட்டிய கதிர்க்கட்டு, கோழிக்கூடு. எல்லாவற்றுக்கும் உச்சியில் கன்னத்தில் கைவைத்துக் குந்தியிருக்கும் உழவர், முதுகில் செருகிய வாள். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு கொடுத்திருக்கிறார்.

உழவர்களைக் கேலி செய்கிறாரா, வென்றவர்களைக் கேலி செய்கிறாரா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும் அந்தக் கோலம், துயரத்தில் அமர்ந்த கிறிஸ்துவை டியூரர் காலத்தவர் சித்திரித்த கோலம். வாள் வேறு முதுகில் இறங்கியிருக்கிறது; மார்பில் இல்லை. நான் இரண்டாவது கட்சி. ஆனால் டியூரரை யாராவது கூப்பிட்டு விசாரித்திருந்தால், இது தூண் கட்டும் கணக்கு என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம்.

ஒரு தலைமுறை கழித்து, ஸ்பெயின் அரசரின் ஆளுகைக்குட்பட்ட ஆன்ட்வெர்ப் நகரில் பீட்டர் புரூகல் இந்த மறைப்பை இன்னும் தேர்ச்சியோடு செய்தார். ‘நான்கு காற்றுகள்’ என்ற பெயரில் அச்சுப்படக் கடை நடத்திய ஹியரோனிமஸ் கோக், புரூகலின் வரைபடங்களைச் செப்புத்தகட்டில் கீறச் செய்து வெளியிட்டார். 1557இல் வந்த படத்தில், கரையில் கிடக்கும் பெருமீனின் வயிற்றை ஒருவர் ராட்சதக் கத்தியால் கிழிக்க, உள்ளிருந்து மீன்கள் கொட்டுகின்றன, ஒவ்வொரு மீன் வாயிலும் இன்னொரு மீன். படகில் இருக்கும் தந்தை மகனுக்கு அதைச் சுட்டிக்காட்டுகிறார். இதில் எந்த ஆட்சியாளரும் இல்லை, எல்லா ஆட்சியாளரும் இருக்கிறார்கள். அதில் ஓவியர் பெயராகப் பொறித்திருப்பது 41 ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட ஹியரோனிமஸ் போஷ்! அந்தப் பெயருக்கு விற்பனை நன்றாக இருந்தது.

1559இல் அவர் வரைந்த ‘நீதி’ படம், நற்குணங்களைப் போற்றும் வரிசையில் ஒன்று. நடுவில் கண்ணைக் கட்டிய நீதித்தாய், வாளும் தராசும். அவளைச் சுற்றி நீதிமன்றத்தின் அன்றாட வேலை நடக்கிறது. ஒருவரைச் சட்டத்தில் கட்டி இழுத்து, வாயில் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எழுத்தர்கள் குறிப்பெடுக்கிறார்கள். ஒருவர் தலை வெட்டுப்படக் காத்திருக்கிறார். தொடுவானம் நெடுகத் தூக்குமரங்கள். கீழே உள்ள லத்தீன் வாசகம், தண்டனையின் நோக்கம் குற்றவாளியைத் திருத்துவது, மற்றவரை நல்வழிப்படுத்துவது, ஊரைப் பாதுகாப்பது என்கிறது. வாசகத்தைப் படித்துவிட்டு மேலே பார்த்தால், இவர்களில் யார் திருந்துகிறார் என்று தேடத் தோன்றும். அவள் கண்கட்டு பாரபட்சமின்மையின் அடையாளமா, நடப்பதைப் பார்க்காமல் இருப்பதற்கா? படத்தில் விடை இல்லை.

புரூகல் 1569இல் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆல்பா கோமகனின் ஸ்பானியப் படை அந்நாட்டுக்குள் வந்திருந்தது. மரணப் படுக்கையில் அவர் மனைவியை அழைத்து, வாசகங்கள் மிகக் காரமாக இருந்த சில வரைபடங்களை எரிக்கச் சொன்னார், மனைவிக்குத் தொல்லை வரும் என்று அஞ்சியிருக்கலாம் என்று ஓவியர்களின் வரலாறுகளைத் தொகுத்த கரேல் வான் மாண்டர் 1604இல் எழுதினார். தாள்களை எரித்துவிடலாம். செப்புத்தகடுகள் அவர் வீட்டில் இல்லையே. அவை கோக்கின் கடையில் இருந்தன. 1570இல் கோக்கும் இறந்துபோக, அவருடைய மனைவி வொல்க்ஸ்கன் டீரிக்ஸ் கடையை ஏற்று, 1600இல் தாம் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் நடத்தினார். அவருக்குப் பின் எடுத்த சொத்துப் பட்டியலில் புரூகலின் படங்கள் கீறிய தகடுகளும் இருந்தன.